22,300 என்ன? கம்ப்யூட்டருக்கு அளவு சொல்லிக்கொடுத்த கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்பதற்கு ஏற்றபடி சற்றுத் திருத்தப்பட்டுள்ளது.)

இன்னைக்கு ஒரு நம்பர்ல இருந்து ஆரம்பிக்கலாம். 22,300.

இதைக் கேட்டதும் உங்க மனசுல வர்ற முதல் கேள்வி, "22,300 என்ன?" ரூபாயா, ஸ்டெப்ஸா, ஃபாலோயர்ஸா? மனுஷங்க எல்லாருமே இப்படித்தான் திருப்பிக் கேப்போம். கம்ப்யூட்டர் கேக்காது. நீங்க 22,300 குடுத்தா வாங்கி வச்சுக்கும். கூட்டச் சொன்னா கூட்டும், கழிக்கச் சொன்னா கழிக்கும்.

அந்த "என்ன?"ங்கற ஒரு கேள்வியைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுக்க எவ்வளவு பேர் எவ்வளவு வருஷம் உழைச்சிருக்காங்கங்கறதுதான் இந்த எபிசோட். இதுல பெரிய கணக்கு எதுவும் வராது. ஒரு விமானம் வரும், ஒரு விண்கலம் வரும், கடைசியில தமிழும் வரும்.

கணக்கு சரி, விமானம் காலி

1983 ஜூலை 23. ஏர் கனடா விமானம் 143, மான்ட்ரியல்ல இருந்து ஒட்டாவா வழியா எட்மன்டன் போகணும். புத்தம் புது போயிங் 767. கனடா அப்போதான் மெட்ரிக் முறைக்கு மாறிக்கிட்டு இருந்த நேரம். எரிபொருளை பவுண்டுல கணக்கு வச்சுப் பழகின ஏர் கனடாவுல, கிலோகிராம்ல கணக்கு வைக்கிற முதல் மாடல் இந்த 767தான்.

அன்னைக்கு எரிபொருள் காட்டுற மீட்டர் வேலை செய்யல. அதனால டேங்க்குல குச்சி விட்டு அளந்து, கையால கணக்குப் போட்டாங்க. பயணத்துக்குத் தேவை 22,300 கிலோ. குச்சி காட்டினது 7,682 லிட்டர். லிட்டரை எடையா மாத்த அடர்த்தியால பெருக்கணும். கைக்கு வந்த எண் 1.77. 7,682-ஐ 1.77-ஆல் பெருக்கினா 13,597. தேவையான 22,300-ல இதைக் கழிச்சா 8,703. அதைத் திரும்ப 1.77-ஆல் வகுத்தா கிட்டத்தட்ட 4,917 லிட்டர். அவ்வளவையும் ஊத்தினாங்க, விமானம் கிளம்பியாச்சு.

கால்குலேட்டர் எடுத்துப் போட்டுப் பாருங்க. பெருக்கல், கழித்தல், வகுத்தல், ஒண்ணுகூட தப்பில்ல. ஆனா 1.77ங்கறது ஒரு லிட்டருக்கு எத்தனை பவுண்டுங்கற எண். கிலோவுல வேணும்னா அது சுமார் 0.8. அதாவது, டேங்க்குல இருந்தது உண்மையிலேயே 22,300தான். ஆனா பவுண்டு! கிலோவுல பாத்தா 10,100 சொச்சம், தேவையில பாதிகூட இல்ல.

மீட்டர் இல்லாததால அந்த எண்ணை ஃப்ளைட் கம்ப்யூட்டர்ல கையால உள்ளிட்டாங்க. கம்ப்யூட்டர் அதை அப்படியே நம்பிச்சு. ஒட்டாவாவுல இறங்கினப்போ மறுபடி குச்சி விட்டு அளந்தாங்க. மறுபடியும் அதே 1.77. கடைசியில 41,000 அடி உயரத்துல எரிபொருள் தீர்ந்து ரெண்டு இன்ஜினும் அடுத்தடுத்து நின்னுபோச்சு. கம்ப்யூட்டரைக் கேட்டா இன்னும் எரிபொருள் இருக்குன்னு சொல்லுது.

கேப்டன் பாப் பியர்சன் அந்த விமானத்தைக் கிளைடர் மாதிரி மிதக்கவிட்டு, கிம்லிங்கற ஊர்ல இருந்த பழைய விமானப்படைத் தளத்துல இறக்கினார். அந்த ரன்வே அப்போ கார் ரேஸ் நடக்கிற இடமா மாறியிருந்தது. உள்ள இருந்த 69 பேரும் பிழைச்சாங்க. 'கிம்லி கிளைடர்'னு தேடினா நிறைய வீடியோ கிடைக்கும். ஆனா நிறைய பேர் இதை "யாரோ கணக்குல கோட்டை விட்டாங்க"ன்னு சொல்லி முடிச்சிடறாங்க. கணக்கு சரியாத்தான் இருந்தது. எண் கைமாறி வந்தது, அதோட அலகு கூட வரல. அதுதான் பிரச்சினை.

ஃபைல்ல வராத அலகு

பதினாறு வருஷம் கழிச்சு இதே கதை கம்ப்யூட்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவுல நடந்தது. நாசாவோட மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர், 1998 டிசம்பர்ல கிளம்பி, 1999 செப்டம்பர் 23 அன்னைக்கு செவ்வாயைச் சுத்த ஆரம்பிக்கணும். தரையில இருந்து சுமார் 226 கிலோமீட்டர் உயரத்துல போகணும்னு திட்டம். பிறகு கணக்குப் பார்த்தப்போ, அது சுமார் 57 கிலோமீட்டர் உயரத்துக்கு இறங்கியிருந்தது. அந்த உயரத்துல செவ்வாயோட காற்று மண்டலம் கலத்தை விட்டுவைக்காது.

காரணத்தை விசாரணைக் குழு அந்த நவம்பர்லயே சொல்லிடுச்சு. கலத்தோட சின்னச் சின்ன உந்துதல்களைக் கணக்கிட்ட தரை மென்பொருள், பவுண்டு-விசை செகண்டுல எண்களை எழுதினது. அதை வாங்கின மென்பொருள், நியூட்டன்-செகண்டுன்னு எடுத்துக்கிட்டது. ரெண்டுக்கும் நடுவுல 4.45 மடங்கு வித்தியாசம். ஒன்பது மாசப் பயணத்துல கொஞ்சம் கொஞ்சமா சேர்ந்த பிழை அது.

நம்மள மாதிரி கோடு எழுதுறவங்க கவனிக்க வேண்டிய இடம் ஒண்ணு இருக்கு. நியூட்டன்-செகண்டுலதான் எழுதணும்னு ஒப்பந்த ஆவணம் தெளிவா சொல்லியிருந்தது. அலகு யாருக்கும் தெரியாம இல்ல. அது மனுஷங்க படிக்கிற ஆவணத்துல இருந்தது, மெஷின் படிக்கிற ஃபைல்ல இல்ல.

அப்போ அலகையும் மெஷின் படிக்கிற மாதிரி எழுதிட்டா போச்சே? கேக்க ரொம்பச் சின்ன வேலை மாதிரி இருக்கு. ஆனா அந்த வேலையில கை வைக்கும்போதுதான், அளவுன்னா என்னன்னே நாம சரியா யோசிச்சதில்லைன்னு புரியும்.

ஃபூரியே, மேக்ஸ்வெல், ஒரு பெருக்கல் குறி

இதை முதல்ல சீரியஸா யோசிச்சவங்க இயற்பியல்காரங்க. 1822-ல் ஃபூரியே வெப்பம் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். ஆமா, ஆடியோ ஃபைல்ல வர்ற அதே ஃபூரியேதான். ஒரு சமன்பாட்டுல கூட்டற ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரே பரிமாணம் இருக்கணும்னு அதுல சொன்னார். நீளத்தோட நேரத்தைக் கூட்ட முடியாது. இன்னைக்கு பிளஸ் ஒன் பசங்க போடுற பரிமாணப் பகுப்பாய்வுக்கு வேர் அங்கதான் இருக்கு.

அடுத்து மேக்ஸ்வெல். 1873-ல் வந்த அவரோட மின்காந்தவியல் நூல் ஆரம்பிக்கறதே இந்த விஷயத்துலதான். எந்த அளவைச் சொன்னாலும் அதுல ரெண்டு பாகம் இருக்கு: ஒரு அலகு, அந்த அலகு எத்தனை தடவைன்னு சொல்ற ஒரு எண். அளவு என்பது இந்த ரெண்டோட பெருக்கல்.

5 மீட்டர்னா 5 பெருக்கல் மீட்டர். இப்படிப் பாத்தா எண்ணும் அலகும் தராசோட ரெண்டு தட்டு மாதிரி. அலகு பெருசானா எண் சிறுசாகும், அளவு மட்டும் அப்படியே இருக்கும். கிம்லியில பறந்ததும், செவ்வாயில தொலைஞ்சதும் பாதி அளவுதான். இன்னொரு பாதி வழியிலேயே கழண்டு விழுந்திருச்சு.

சிரிக்கு முன்னாடி

இப்போ 1994-க்கு வருவோம். ஸ்டான்ஃபோர்ட்ல டாம் குரூபர்னு ஒரு ஆராய்ச்சியாளர். இவர்தான் பின்னாடி சிரி நிறுவனத்தைத் தொடங்கினவங்கள்ல ஒருத்தர். 2010-ல் ஆப்பிள் அதை வாங்கி ஐபோனுக்குள்ள வச்சது. ஆனா அதுக்கெல்லாம் ரொம்ப முன்னாடி, அவரும் கிரெகரி ஓல்சனும் சேர்ந்து பொறியியல் கணிதத்துக்கு ஒரு ஆன்டாலஜி எழுதினாங்க.

ஆன்டாலஜின்னா என்ன? தத்துவத்துல இந்த வார்த்தைக்கு 'எவையெல்லாம் இருக்கின்றன' என்ற ஆராய்ச்சின்னு பொருள். கம்ப்யூட்டர்காரங்க கையில அது கொஞ்சம் இறங்கி வந்திருக்கு. ஒரு துறையில என்னென்ன பொருள் உண்டு, ஒண்ணுக்கொண்ணு என்ன உறவுங்கறதை, மெஷின் தர்க்கம் பண்ற அளவுக்குத் துல்லியமா எழுதி வைக்கறது. டேட்டாபேஸ் ஸ்கீமாவை எடுத்து, "இந்த ஃபீல்டுக்கு அர்த்தம் என்ன?"ன்னு விடாம கேட்டுக்கிட்டே போனா நீங்க போய்ச் சேர்ற இடம் அதுதான்.

குரூபரும் ஓல்சனும் எடுத்த முடிவு ஒண்ணு ரொம்ப அழகு. ஒரு மேசையோட நீளம், யாரும் அளக்கறதுக்கு முன்னாடியே இருக்கு. அதை 3 அடின்னும் சொல்லலாம், 0.9144 மீட்டர்னும் சொல்லலாம். நீளம் ஒண்ணுதான். அப்போ அந்த எண் மேசையோட சொத்து இல்ல. அளவு, அலகுன்னு ரெண்டு இன்புட் வாங்குற ஒரு ஃபங்ஷன் தர்ற விடைதான் அந்த எண். ஒரு இன்புட்டை மட்டும் குடுத்துட்டு விடை கேக்கவே முடியாது.

இன்னொண்ணும் சொன்னாங்க. அலகுங்கறது தனி ஜாதி இல்ல, அதுவும் ஒரு அளவுதான். மீட்டர்ங்கறது ஒரு குறிப்பிட்ட நீளம், அவ்வளவே. எந்த நீளத்தையும் நீங்க அலகா வச்சுக்கலாம். நம்ம ஊர்ப் பூக்காரம்மா தினமும் பண்றது அதைத்தான். முழங்கையில இருந்து விரல் நுனி வரைக்கும் ஒரு நீளம், அதுதான் முழம். அவங்க கை நம்ம கையை விடச் சின்னதா இருந்தா என்ன பண்றதுங்கறது வேற பஞ்சாயத்து.

கிலோவும் பவுண்டும் ஒண்ணு

இணையம் வளர்ந்தது. உலகத்துல இருக்கிற எல்லா டேட்டாவையும் ஒண்ணோட ஒண்ணு இணைக்கலாம்னு டபிள்யூ.3.சி. அமைப்பு ஒரு கனவு கண்டது. அதுக்காக 2004-ல் வந்த மொழிதான் ஆவுல். வெப் ஆன்டாலஜி லாங்குவேஜ்ங்கறதோட சுருக்கம். எழுத்து வரிசையைக் கொஞ்சம் மாத்தி ஆந்தையாக்கிட்டாங்க.

ஆவுலோட அடித்தளம் ஆர்.டி.எஃப். அதுல எல்லா வாக்கியத்துக்கும் மூணே பாகம்: எது, என்ன உறவு, எதோட. "விமானம் 143, எரிபொருள், 22,300." முடிஞ்சது. அலகை எங்க வைப்பீங்க? நாலாவது நாற்காலியே இல்ல!

குறுக்கு வழிகள் இருக்கு. உறவோட பேரையே 'எரிபொருள்_கிலோவில்'னு மாத்திடலாம். நாம எல்லாரும் கோடுல பண்றது அதுதான். ஆனா அந்தப் பேரு நமக்குத்தான் புரியும், மெஷினுக்கு அது வெறும் எழுத்து. "22,300 கிலோ"ன்னு ஸ்ட்ரிங்கா போடலாம். அப்புறம் கூட்ட முடியாது. கடைசியா ஒரு வழி: நடுவுல ஒரு புது முடிச்சு போடறது. விமானத்துக்கு எரிபொருள் அளவுன்னு ஒண்ணு உண்டு, அந்த ஒண்ணுக்கு எண் 22,300, அலகு கிலோ. மேக்ஸ்வெல்லோட ரெண்டு பாகமும் இப்போ ஒரே முடிச்சுல தொங்குது. 2004-ல் வந்த ஆர்.டி.எஃப் அறிமுக ஆவணமே இதைத்தான் காட்டுது. அங்க உதாரணம் ஒரு டென்ட், எடை 2.4 கிலோ. எடையைக் கிலோவுல சொல்லலாமாங்கற கேள்வியை மனசுல வச்சுக்கோங்க, திரும்ப வர்றேன்.

இப்போ கிம்லி விமானத்தை ஆவுல்ல எழுதிப் பாக்கலாம். ஒரு அளவு முடிச்சுக்கு ஒரே ஒரு அலகுதான் இருக்கணும்னு விதி போடறோம். ஒருத்தர் அந்த முடிச்சுக்கு அலகு கிலோகிராம்னு எழுதறார். இன்னொருத்தர் அதே முடிச்சுக்கு பவுண்டுன்னு எழுதறார். ரீசனரை ஓட்டறோம். "ஏய், இடிக்குதே!"ன்னு கத்தும்னுதானே எதிர்பார்ப்பீங்க? கத்தாது. அது அமைதியா ஒரு முடிவுக்கு வரும்: கிலோகிராமும் பவுண்டும் ஒண்ணு.

இது பக் இல்ல, டிசைன். இணையத்துல ஒரே பொருளுக்கு ரெண்டு பேர் இருக்கறது சகஜம். அதனால பேர் வேறன்னா பொருளும் வேறன்னு ஆவுல் எடுத்துக்காது. ஒரே அலகுதான் இருக்கணும், ஆனா ரெண்டு பேர் இருக்கு, அப்போ ரெண்டு பேரும் ஒரே பொருளைத்தான் சொல்லணும். தர்க்கம் பக்கா. 1983-ல் மனுஷங்க போட்ட அதே சமன்பாட்டை மெஷின் நிரூபிச்சே காட்டிடும். கிலோவும் பவுண்டும் வேற வேறன்னு நாம தனியா ஒரு வரி எழுதினாத்தான் முரண்பாடுன்னு சொல்லும். நமக்கு அது சொல்லவே தேவையில்லாத விஷயம். அதையும் சொல்லியாகணுங்கறதுதான் இந்தத் துறையோட முதல் பாடம்.

ரெண்டாவது பாடம், ஆவுலுக்குப் பெருக்கத் தெரியாது. ஒரு கிலோ எத்தனை பவுண்டுன்னு எழுதி வைக்கலாம், ஆனா மாத்தித் தரச் சொன்னா அதால முடியாது. அதுக்குன்னு தனியா கோடு வேணும்.

நீளம் ஒரு கிளாஸா?

இந்த மொழியில அளவுகளுக்குன்னு ஒரு பெரிய அகராதி வேணும்னு பல குழுக்கள் இறங்கினாங்க. ரெண்டை மட்டும் சொல்றேன்.

ஒண்ணு க்யூ.யூ.டி.டி. இது பொறந்த இடம் நாசாவோட ஏம்ஸ் ஆய்வு மையம். நிலாவுக்குத் திரும்பப் போற கான்ஸ்டலேஷன் திட்டத்துக்காக எழுத ஆரம்பிச்சது. அந்தத் திட்டம் 2010-ல் ரத்தாச்சு. ராக்கெட் போகல, ஆனா அளவுகளோட அகராதி பிழைச்சு, இன்னைக்குத் தனி லாபநோக்கமற்ற அமைப்பா நடக்குது. இன்னொண்ணு ஓ.எம். இது நெதர்லாந்துல வாகனிங்கன்ல, உணவு ஆராய்ச்சி பண்றவங்க மத்தியில ஹாயோ ரெய்ஹர்ஸ்பெர்க்கும் கூட்டாளிகளும் உருவாக்கினது. இதைப் பற்றின அவங்க கட்டுரை 2013-ல் வந்தது.

ரெண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் எழுதினாங்க. ஆனா முதல் படியிலேயே பாதை பிரியுது. 'நீளம்'னா என்ன?

ஓ.எம். சொல்லுது: நீளம் ஒரு கிளாஸ். என் மேசையோட நீளம் அதுல ஒரு இன்ஸ்டன்ஸ். உயரம், அகலம், விட்டம் எல்லாம் சப்கிளாஸ். ஜாவா படிச்ச நமக்கு இது சட்டுனு பிடிக்கும். ரீசனருக்கும் பிடிக்கும்: விட்டம்னு சொன்னாலே அது நீளம்னு அதுவே கண்டுபிடிச்சுக்கும்.

க்யூ.யூ.டி.டி. சொல்லுது: நீளமே ஒரு இன்ஸ்டன்ஸ். 'அளவின் வகை'ங்கற கிளாஸோட இன்ஸ்டன்ஸ். என் மேசையோட அளவு, அந்த நீளத்தை விரல் நீட்டிக் காட்டும். இதுலயும் நியாயம் இருக்கு. நீளத்தோட பரிமாணம் என்ன, எந்தெந்த அலகு அதுக்குப் பொருந்தும்னு நீளத்தைப் பற்றியே பேசணும்னா, அது ஒரு பொருளா இருந்தாத்தான் சுலபம்.

எது சரி? ரெண்டும் ஓடுது, ரெண்டையும் ஆளுங்க பயன்படுத்தறாங்க. ஆனா ஒண்ணுல எழுதின டேட்டாவை இன்னொண்ணுக்கு அப்படியே மாத்திட முடியாது. உலகத்துல எல்லாரையும் ஒரே மொழியில பேச வைக்கக் கிளம்பினவங்க ரெண்டு மொழியில நிக்கறாங்க. இதுல ஒரு சோகமும் இருக்கு, ஒரு நேர்மையும் இருக்கு.

பரிமாணம் ஒண்ணு, பொருள் வேற

சரி, அலகை எழுதியாச்சு, பரிமாணத்தையும் எழுதியாச்சு. இனிமே தப்பே வராதா? வரும். இங்கதான் கதை சூடு பிடிக்குது.

நட்டை முறுக்கற திருப்புவிசையோட அலகு நியூட்டன்-மீட்டர். ஆற்றலோட அலகு ஜூல். ஒரு ஜூல்னா ஒரு நியூட்டன்-மீட்டர். பரிமாணம் ரெண்டுக்கும் அச்சு அசலா ஒண்ணு: நிறை 1, நீளம் 2, காலம் மைனஸ் 2. ஃபூரியேகிட்ட காட்டினா கூட்டலாம்னு பாஸ் பண்ணிடுவார். ஆனா ஸ்பேனர் முறுக்கையும் சமோசா கலோரியையும் கூட்டினா வர்ற எண்ணுக்கு ஒரு அர்த்தமும் கிடையாது.

அதனாலதான் அலகு, பரிமாணம் இதுக்கெல்லாம் மேல மூணாவதா ஒண்ணு வேணும்: அளவின் வகை. உலக அளவியல் அமைப்புகள் சேர்ந்து 1984-ல் ஒரு சொல்லகராதி போட்டாங்க. சுருக்கமா விம். 2008-ல் மூணாவது பதிப்பு வந்தது. ஒரே பரிமாணம் இருந்தா ஒரே வகைன்னு அர்த்தமில்லைன்னு விம் சொல்லுது. திருப்புவிசையும் ஆற்றலும் வேற வகைன்னு மரபுப்படி வச்சிருக்கோம்ங்குது. அளவுகளை வகையா பிரிக்கறது ஓரளவுக்கு நம்ம விருப்பம் சார்ந்ததுன்னும் ஒத்துக்குது.

'மரபுப்படி.' அந்த வார்த்தையில கொஞ்சம் நில்லுங்க. அளவுகள்னாலே இயற்கை போட்ட கோடுன்னு நினைச்சுக்கிட்டு வர்றோம். உலகத்துலயே ரொம்பத் துல்லியமான ஆளுங்க உக்காந்து, இந்தக் கோடு நாம போட்டதுன்னு எழுதி வச்சிருக்காங்க.

அந்தக் கோடு உயிர் சம்பந்தப்பட்டதுங்கறதுக்கு ஒரு உதாரணம். கதிர்வீச்சு உடம்புல எவ்வளவு ஆற்றலை இறக்கினதுங்கறதோட அலகு கிரே. அதனால உடம்புக்கு எவ்வளவு பாதிப்புங்கறதோட அலகு சீவர்ட். பிரிச்சுப் பாத்தா ரெண்டுமே கிலோவுக்கு இத்தனை ஜூல். ஆனா எக்ஸ்ரேயில ஒரு கிரேன்னா ஒரு சீவர்ட், ஆல்ஃபா கதிர்ல அதே ஒரு கிரே 20 சீவர்ட். ஜூல் பை கிலோன்னு மட்டும் எழுதிவிட்டா இந்த 20 மடங்கு எங்கயும் தெரியாது. அதனாலதான் சர்வதேச மாநாடு 1975-ல் கிரேயையும் 1979-ல் சீவர்ட்டையும் தனிப் பேரா அறிவிச்சது. மனுஷ உடல்நலத்துக்கு வர்ற ஆபத்தைத் தவிர்க்கறதுக்காகவே வச்ச பேர்கள் இவை.

வெப்பநிலையும் இப்படித்தான். பூமி 2 டிகிரி செல்சியஸ் சூடாகக் கூடாதுன்னு பேசறோம் இல்லையா? கன்வர்ட்டர்ல 2 போட்டா 35.6 ஃபாரன்ஹீட்னு வரும். பூமி 35 டிகிரி சூடானா பாட்காஸ்ட் கேக்க யாரும் இருக்க மாட்டோம். சரியான விடை 3.6. ஏன்னா இது வெப்பநிலை இல்ல, வெப்பநிலை வித்தியாசம். எழுதற அலகு ஒண்ணு, வகை வேற. க்யூ.யூ.டி.டி.யில இந்த ரெண்டுக்கும் தனித்தனி வகை உண்டு.

சென்னை ரிப்போர்ட், டொரன்டோ ரிப்போர்ட்

இதெல்லாம் ஆராய்ச்சிக்காரங்க பிரச்சினைன்னு நினைச்சா, உங்க வீட்டு சுகர் ரிப்போர்ட்டை எடுங்க. சென்னையில வெறும் வயித்துல எடுத்தது 126, மில்லிகிராம் பை டெசிலிட்டர். சர்க்கரை நோய்க்கான எல்லைக்கோடு. அதே ரத்தத்தை டொரன்டோவுல சித்தப்பா வீட்டுப் பக்கத்து லேப்ல குடுத்தா 7.0னு வரும். அங்க மில்லிமோல் பை லிட்டர். வாட்ஸ்அப்ல எண்ணை மட்டும் அனுப்பினா, ஒருத்தர் பயந்துடுவார், இன்னொருத்தர் நிம்மதியா ஜாங்கிரி சாப்பிடுவார்.

குளுக்கோஸுக்கு 18-ஆல் வகுக்கணும். அப்போ கொலஸ்டிராலுக்கும் 18தானா? இல்ல, அதுக்குக் கிட்டத்தட்ட 38.7. ஏன்னா ஒண்ணு எத்தனை கிராம்னு கேக்குது, இன்னொண்ணு எத்தனை மூலக்கூறுன்னு கேக்குது. மூலக்கூறோட எடை பொருளுக்குப் பொருள் மாறும். 'எதை அளந்தோம்'னு தெரியாம இந்த மாற்றத்தைப் பண்ணவே முடியாது.

மருத்துவத் தகவலுக்காக அமெரிக்காவுல ரீகன்ஸ்ட்ரீஃப் நிறுவனத்துல குந்தர் ஷாடோவும் கிளெமன்ட் மெக்டொனால்டும் உருவாக்கின குறியீட்டு முறை ஒண்ணு இருக்கு, யூ.சி.யூ.எம். தமிழ்ல எழுத்துக் கூட்டி வாசிச்சா 'யூகம்'னு வரும். ஆனா அது செய்யற வேலையே யூகத்தை ஒழிக்கறதுதான். அதுல சின்ன எழுத்தும் பெரிய எழுத்தும் வேற வேற. முதல் எழுத்து சின்ன எம்னா மில்லிகிராம், பெரிய எம்னா மெகாகிராம். ஒரு ஷிஃப்ட் கீயில 100 கோடி மடங்கு வித்தியாசம். இன்னைக்கு ஆஸ்பத்திரி மென்பொருள்கள் தகவல் பரிமாறிக்கிற எஃப்.எச்.ஐ.ஆர். தரத்துல அளவுகளுக்கு இந்தக் குறியீடுகள்தான் புழங்குது.

நிறைன்னா என்ன?

டென்ட் நினைவிருக்கா? எடை 2.4 கிலோ. தமிழ்நாட்டுப் பாடப்புத்தகம் படிச்சவங்க கை தூக்குவீங்க: "கிலோவுல சொல்றது நிறை. எடைங்கறது விசை, அதை நியூட்டன்ல சொல்லணும்." முழு மார்க்.

இப்போ இலங்கைக்கு வாங்க. அங்க தமிழ் மீடியத்துல இயற்பியல் படிச்சவங்ககிட்ட கேளுங்க. நாம நிறைங்கறதை அவங்க திணிவும்பாங்க. நாம எடைங்கறதை அவங்க என்ன சொல்வாங்க தெரியுமா? நிறை.

ஒரே மொழி, ஒரே சொல், ரெண்டு வேற அளவு. கொஞ்சம் முன்னாடி திருப்புவிசையோட பரிமாணத்துல 'நிறை 1'னு சொன்னப்போ, யாழ்ப்பாணத்துல கேட்டுக்கிட்டிருக்கிற ஒரு ஏ.எல். மாணவிக்கு விசைன்னு கேட்டிருக்கும். வேகமும் அப்படித்தான். இங்க திசை இல்லாதது வேகம், திசை இருந்தா திசைவேகம். அங்க திசை இல்லாதது கதி, திசை இருக்கிறது வேகம். ரெண்டு பக்கமும் தப்பே இல்ல. ரெண்டும் முறையா வகுத்த கலைச்சொல். ரெண்டு தலைமுறை பிள்ளைங்க அதுல பரீட்சை எழுதி டாக்டராவும் இன்ஜினியராவும் ஆகியிருக்காங்க.

ஆன்டாலஜி நமக்கு உண்மையிலேயே உதவற இடம் இதுன்னு நான் நினைக்கறேன். அதுல பொருளுக்கு ஒரு அடையாளம், சொல் அதுக்கு மேல ஒட்டற லேபிள். ஒரே அடையாளத்துக்கு 'தமிழ், இந்தியா'ன்னு குறிச்சு நிறைங்கற லேபிளும், 'தமிழ், இலங்கை'ன்னு குறிச்சு திணிவுங்கற லேபிளும் ஒட்டலாம். அதுக்கான மொழிக் குறிகள் ஏற்கெனவே இருக்கு. யாரும் யாரோட சொல்லையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்ல. ஆனா அந்த லேபிளைத் 'தமிழ்'னு மட்டும் குறிச்சு ஒட்டினா, கிலோவும் பவுண்டும் ஒண்ணாயிடுச்சே, அந்தக் கதைதான் இங்கயும். தமிழ்ப் பாடத்தை மெஷின் மொழிபெயர்க்கறப்போ, 'நிறை'யைப் பாத்து அது எந்தப் பக்கம் சாயும்னு யோசிச்சுப் பாருங்க.

இவ்வளவு செய்தும் இந்த அகராதிகள் எல்லாத்தையும் தீர்த்துடல. ரெண்டு அகராதி, ரெண்டு பாதைன்னு பார்த்தோம். பெருக்கத் தெரியாத மொழி, அதுக்கு மேல சரிபார்க்க இன்னொரு கருவி. வேலை நடந்துக்கிட்டே இருக்கு. ஏன்னா இதுல கஷ்டமானது அலகு மாத்தற சூத்திரம் இல்ல, அது அரை நாள் வேலை. ரெண்டு பேருக்கு நடுவுல சொல்லாமலே புரிஞ்சுக்கிட்டதா நினைக்கறோமே, அதைத் தேடித் தேடி எழுதறதுதான் கஷ்டம். 1983-ல் எரிபொருள் கணக்குப் போட்ட ஒவ்வொருத்தருக்கும் பவுண்டும் தெரியும், கிலோவும் தெரியும்.

நாளைக்கு ஆபீஸ் போனதும் உங்க டேட்டாபேஸைத் திறந்து, அளவு வர்ற ஒரு ஃபீல்டைப் பாருங்க. வெயிட், டியூரேஷன், டெம்ப், எதுவா இருந்தாலும் சரி. அலகு எங்க எழுதியிருக்கு? வகை எங்க எழுதியிருக்கு? "டீம்ல எல்லாருக்கும் தெரியும்"னு பதில் வந்தா, டீம்ல புதுசா சேர்ந்தவர்கிட்ட ஒரு தடவை கேட்டுப் பாருங்க. அவர் என்ன சொன்னார்னு எனக்கும் எழுதுங்க. முக்கியமா, இலங்கையில படிச்சவங்க, நம்ம பாடப்புத்தகத்தோட முட்டிக்கிற வேற கலைச்சொற்கள் இருந்தா அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல அதைப் படிச்சுட்டே ஆரம்பிக்கலாம்.